லிஃப்ட் டீச்சர்

என் மனைவிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. சாப்பிடுகிற கை நின்றுவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவள் கை நின்றதை முதலில் பார்த்தவன் நான். அடுத்துப் பார்த்தவள் அக்கா. பார்க்காதவர் ஒருவர்தான். அவர் பேசிக்கொண்டிருந்தார்.

அக்காவின் கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி நடத்துகிறார். பெரிய கம்பெனி என்று சொல்ல முடியாது. இரண்டு வேன், பத்துப் பன்னிரண்டு ஆட்கள், ஊரில் பாதி அடுக்குமாடி வீடுகள் அவர் கையில். எனக்கு அவர் மாமா, என் மனைவிக்கு அண்ணன் முறை. அவள் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்சாரப் பிரிவுக்குப் பயிற்றுநர். ஊருக்கே டீச்சர். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். கிண்டலுக்கு ஆரம்பித்தது, வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"உன்கிட்டே இருந்து மூணு பேரை எடுத்தேம்மா. மூணு பேரையும் திருப்பி அனுப்பிட்டேன்," என்றார் மாமா. "சர்டிபிகேட் மட்டும் கனமா இருக்கு. ஆளை வேலையில நிறுத்தினா நிக்கலை."

"என்ன தெரியலை அண்ணா அவங்களுக்கு?"

"எல்லாம் தெரியுது! பேப்பர்ல போடச் சொன்னா கோடு கோடா இழுத்துக் காட்டுறாங்க. ஆனா வேலைக்கு ஆகலை."

"அதான் கேக்கிறேன். எது ஆகலை?"

மாமா யோசித்தார். வலது கையைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினார். "அதெல்லாம் சொல்லி வராது. பழகித்தான் வரணும்."

"உங்களாலேயே சொல்ல முடியாததை நான் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?"

அக்கா தண்ணீர்ச் செம்பை மேசையில் வைத்தாள், கொஞ்சம் சத்தமாகவே. "நல்லாக் கேளு," என்றாள்.

மாமாவுக்குப் பேச்சை முடிக்க வேண்டியிருந்தது. "வந்து பாரு, தெரியும்," என்றார். வீட்டில் சும்மா சொல்கிற பேச்சு அது. என் மனைவி அதைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு வேன் எத்தனை மணிக்குக் கிளம்பும்?"

நிலையத்துக்கு அப்போதுதான் விடுமுறை விட்டிருந்தார்கள். அந்த விடுமுறையில் என் மாமியாரைப் பார்க்கப் போவதாக இருந்தோம். மாமியாருக்குத் தொலைபேசியில் சமாதானம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. மறுநாள் காலையில், என்னுடைய பழைய கால்சட்டை ஒன்றை நான் பிடித்துத் தைத்துக் கொடுக்க, அதைப் போட்டுக்கொண்டு டீச்சர் வேனில் ஏறிவிட்டாள். நான் வண்டிகளுக்கு சீட் உறை தைக்கிறவன். என் தையலைப் போட்டுக்கொண்டு ஒருத்தி இவ்வளவு வேகமாக வீட்டை விட்டுப் போனது அதுவே முதல் தடவை.

மாமாவின் மூத்த மெக்கானிக்குக்கு ஸ்பானர் என்று பட்டப்பெயர். அவர் கூடத்தான் அவளைப் போட்டார்கள். முதல் சில நாட்கள் வீட்டுக்கு வந்தால் பேசமாட்டாள், குளிப்பாள், தூங்குவாள். கைவிரல் நகங்களுக்குள் இருந்த கிரீஸ் போகவே இல்லை. பிறகு ஒரு சாயங்காலம் வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, எனக்குப் புரிஞ்சிடுச்சு," என்றாள்.

ஓர் அலுவலகக் கட்டடத்தில் பார்சல் கொண்டுவந்த ஒருவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார். ஸ்பானர் நேராக மாடி மேல் இருந்த இயந்திர அறைக்கு ஏறிவிட்டார். கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை ஒரு தளத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறப்பதுதான் முறை. பிரேக்கை விடும்போது 'டங்' என்று ஒரு சத்தம் வரும், பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கும். மேலே இருப்பவருக்கு அது நல்ல சத்தம். உள்ளே இருப்பவருக்கு அது கயிறு அறுகிற சத்தம். அந்த மனிதர் ஒவ்வொரு சத்தத்துக்கும் கத்துகிறார், கதவைக் கையால் பிரிக்கப் பார்க்கிறார். அவர் கதவைத் தொட்டால் ஸ்பானர் வேலையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அவர் இன்னும் கத்துகிறார்.

"நான் கதவுக்குப் பக்கத்துல நின்னேன். வேற ஒண்ணும் பண்ணலை. 'அண்ணா, இப்போ மேலே ஒரு சத்தம் கேக்கும். அது எங்க ஆளு. பெட்டி கொஞ்சம் ஆடும், பயப்படாதீங்க, கதவைத் தொடாதீங்க'ன்னு சொன்னேன். சத்தம் வந்துச்சு, மனுஷன் கத்தலை. அடுத்த தடவை நான் சொல்றதுக்கு முன்னாடி அவரே, 'அக்கா, அடுத்த சத்தம் எப்போ?'ன்னு கேக்கிறார்!"

அவள் சிரித்தாள். உடனே முகம் மாறியது.

"நம்ம ஆளுங்க மூணு பேரும் வயரிங்ல தப்பே பண்ணலைங்க. ஸ்பானர் அண்ணன்கிட்டே கேட்டுட்டேன். உள்ளே இருக்கிறவங்க கத்தினதும் இவங்க தடுமாறியிருக்காங்க. ஒருத்தன் மெயினை அணைச்சு, வேற யாரும் போட்டுடாதபடி பூட்டாமலே வேலையை ஆரம்பிச்சிருக்கான், அவசரத்துல. நான் அவனுக்குப் பூட்டுப் போடச் சொல்லிக் கொடுத்திருக்கேன். ஆனா அமைதியான வகுப்புல சொல்லிக் கொடுத்திருக்கேன். கத்துற சத்தத்துக்கு நடுவுல பூட்டுறது வேற பாடம். அந்தப் பாடத்தை நான் நடத்தவே இல்லை."

அந்த மூன்று பேரில் ஒருத்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவளுக்கு வகுப்பில் வைத்த பெயர் மியூட். டிவி ரிமோட்டில் சத்தத்தை நிறுத்த ஒரு பொத்தான் இருக்குமே, அது. வயது முப்பத்தாறு, டீச்சரை விட மூன்று வயதுதான் சின்னவள். பல்பு தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். அந்தத் தொழிற்சாலையை மூடியபோது, வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் இலவசமாகப் பயிற்சி கொடுத்தது. அதில்தான் சேர்ந்தாள். கம்பி இணைப்பதில் அவள் கைக்கு மிஞ்சின கை அந்த வகுப்பில் கிடையாது. ஆனால் கேட்டால் ஒழிய வாயைத் திறக்க மாட்டாள். மாமா அவளைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம், "வீட்டுக்காரங்க புகார் பண்றாங்கம்மா. வந்தது ஆளா பொம்மையான்னு கேக்கிறாங்க." திரும்பி வந்தவளை டீச்சர் மறுபடியும் வகுப்பில் சேர்த்துக்கொண்டாள்.

விடுமுறை முடிந்ததும் டீச்சர் முதல்வரின் அறைக்குப் போனாள். முதல்வர் நல்ல மனிதர். புதிதாக எதையாவது சொன்னால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பாடத்திட்டம் தலைமை அலுவலகத்தில் இருந்து வருகிறது, நம் இஷ்டத்துக்குத் தொட முடியாது என்றார். தொட வேண்டாம் என்றாள் இவள். பாடத்திட்டத்திலேயே 'தொழிலிடப் பழக்கம்' என்று வாரத்துக்கு ஒரு மதியம் ஒதுக்கியிருக்கிறது. அந்த மதியத்தில் இத்தனை வருடமாக என்ன நடக்கிறது? பட்டறையைக் கூட்டிப் பெருக்குகிறார்கள்.

"அந்த மதியத்தை எனக்குக் கொடுத்துடுங்க, சார். பட்டறையை நான் கூட்டிக்கிறேன்."

முதல்வர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அப்படியென்றால் சம்மதம் என்று அர்த்தமாம்.

அடுத்தது லிஃப்ட். லிஃப்ட் இல்லாமல் லிஃப்ட் வேலை எப்படி? வேடிக்கை என்னவென்றால், நிலையத்தின் பின்கட்டடத்தில் லிஃப்டுக்கென்று விட்ட கூண்டு இருந்தது. மூன்று மாடி உயரத்துக்கு, கீழே பள்ளத்தோடு, மேலே இயந்திர அறையோடு, ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். லிஃப்ட் வாங்க மட்டும் யாரோ மறந்துவிட்டார்கள். கட்டின நாளில் இருந்து அதில் துடைப்பங்களும் உடைந்த பெஞ்சுகளும் குடியிருந்தன.

மாமா அந்தச் சமயத்தில் ஒரு பழைய கட்டடத்தில் இருந்து லிஃப்ட் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து தன் கிடங்கில் போட்டிருந்தார். புதியதை மாட்டிவிட்டார், பழையது மிச்சம்.

"அதை எங்களுக்குக் கொடுங்க அண்ணா," என்றாள் டீச்சர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

"பழைய இரும்புக் கடைக்குப் பேசி வச்சிருக்கேன்மா."

அக்கா, மாமாவின் தட்டில் இரண்டாம் தடவை பரிமாற எடுத்த கரண்டியை அப்படியே அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா கரண்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"சரி, எடுத்துட்டுப் போ," என்றார். கரண்டி இறங்கியது.

அந்த லிஃப்டை மாட்டியது வகுப்பேதான். ஸ்பானர் சனிக்கிழமைகளில் வந்து மேற்பார்வை பார்த்தார். பெட்டி ஏறி இறங்கும் தண்டவாளங்களைத் தூக்கு நூல் பிடித்து நேராக நிறுத்தினார்கள், இரும்புக் கயிறு இழுத்தார்கள், கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்த கம்பிகளை எல்லாம் மியூட் தனியாக உட்கார்ந்து மாற்றினாள். அரசாங்க லிஃப்ட் ஆய்வாளர் வந்து பிரேக்கை ஏழெட்டுத் தடவை சோதித்துவிட்டு, பயிற்சிக்கு மட்டும் என்று அனுமதி எழுதிக் கொடுத்தார். போகும்போது, "யாரு இந்த வயரிங் போட்டது?" என்று கேட்டார். எல்லோரும் மியூட்டைக் காட்டினார்கள். அவள் தரையைப் பார்த்தாள். வகுப்பிலேயே அதிகம் பேசுகிற ரேடியோ என்கிற இளைஞன் அவளுக்காகப் பதில் சொன்னான்: "எங்க அக்கா, சார்!"

பாடம் இப்படித்தான் தொடங்கியது. ஒவ்வொருவரையும் உள்ளே விட்டு, இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்தி, விளக்கை அணைத்துவிடுவாள் டீச்சர். மேலே இன்னொருவர் வேலை செய்ய வேண்டும். உள்ளே இருப்பவருக்கு வெளியே இருந்து யாரும் எதுவும் சொல்லாவிட்டால் எப்படி இருக்கிறது, சொன்னால் எப்படி இருக்கிறது, இரண்டையும் அனுபவித்துவிட்டு வரவேண்டும். வந்த பிறகு உள்ளே இருந்தவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். பிறகு மறுபடியும். இந்த முறை வெளியே நிற்பவரைச் சுற்றி நாலு பேர் கத்துவார்கள். அந்தக் கத்தலில் மெயினை அணைத்து, பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துவிட்டுத்தான் எதையும் தொடலாம்.

ஒரு நாள் இதைப் பார்க்க மாமா வந்தார். நான் அன்றைக்குப் பெட்டியின் உள்சுவருக்கு மெத்தை அடித்துக்கொண்டிருந்தேன், அதனால் இது நான் கண்ணால் பார்த்தது.

"நீங்களும் ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்க அண்ணா," என்றாள் டீச்சர்.

"நானா? முப்பது வருஷமா இதைத்தானே பண்றேன்!"

"முப்பது வருஷமா வெளியே நின்னு பண்றீங்க."

வகுப்பு முழுக்க வேடிக்கை பார்க்கிறது. பின்வாங்க முடியுமா? வேட்டைக்குப் போகிறவர் மாதிரி உள்ளே போனார். விளக்கு அணைந்தது. மேலே ரேடியோ இருந்தான், பேசக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு. அவனுக்கு அது பெரிய தண்டனை. 'டங்' என்றது. பெட்டி குலுங்கியது. உள்ளே சத்தமில்லை. இன்னொரு 'டங்'. "யாருடா மேலே?" என்று ஒரு குரல் வந்தது. அது மாமா குரல் மாதிரியே இல்லை. மூன்றாவது சத்தத்துக்கு அவர் கதவைத் தட்டினார், கையை விரித்து, பலமாக.

கதவு திறந்தபோது மாமாவின் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற முகம் எதுவும் அங்கே இல்லை, எல்லோரும் உள்ளே போய் வந்தவர்கள். அவர் கைக்குட்டையால் முகத்தை மெதுவாகத் துடைத்தார்.

"மேலே சத்தம் போடறவன் நம்ம ஆளுதான்னு எனக்குத் தெரியும்," என்றார். "தெரிஞ்சும் இப்படி இருக்கு." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "என் ஆளுங்களையும் அனுப்பறேன். சேர்த்துக்குவியா?" என்று கேட்டார்.

டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் மட்டும் அடிக்க வேண்டிய ஆணியை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மியூட் பேசக் கற்றுக்கொண்டாளா என்றால், ரேடியோ மாதிரி பேசக் கற்றுக்கொள்ளவில்லை. ரேடியோ உள்ளே இருப்பவரிடம் ஊர், உறவு, பிள்ளைகளின் படிப்பு வரைக்கும் விசாரிப்பான். மியூட்டுக்கு அது வராது. அடுத்து என்ன நடக்கப்போகிறதோ அதை மட்டும் சொல்வாள். "இப்போ ஒரு சத்தம். அது நான். இப்போ ரெண்டு அடி கீழே இறங்கும். இறங்கிடுச்சு. இப்போ கொஞ்சம் சும்மா இருக்கும். நான் இங்கேதான் இருக்கேன்." இவ்வளவுதான். ஆனால் உள்ளே இருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: மியூட் அக்கா சொன்னால் நடக்கிறது, அதனால் பயமில்லை.

நேரடிப் பயிற்சிக்கு அவளை மறுபடியும் மாமா கம்பெனிக்கே அனுப்பினாள் டீச்சர். "அதே ஆளா?" என்று மாமா இழுத்தார். "அதே ஆளுதான், பாடம் வேற," என்றாள் இவள்.

அங்கே போன இரண்டாம் வாரம் என் அக்கா லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாள்.

அக்கா இருக்கும் அடுக்குமாடியின் லிஃப்ட், மாமாவின் கம்பெனி பார்க்கிற லிஃப்ட். சில மாதங்களாகவே அது திடீர் திடீரென்று நின்று, பிறகு தானாகவே ஓடியது. மாமாவும் ஸ்பானரும் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டார்கள், காரணம் பிடிபடவில்லை. லிஃப்ட்காரர் வீட்டு லிஃப்டே நிற்கிறது என்று குடியிருப்புக்காரர்கள் பேசுகிறார்கள், மாமாவுக்கு மானம் போகிறது. அன்றைக்குக் காலையில் அக்காவும், கீழ்வீட்டுப் பெண்ணின் மாமனாரும் உள்ளே இருக்கும்போது நின்றது. மாமா வேறு ஊருக்குப் போயிருந்தார். ஸ்பானரும் மியூட்டும் வந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததை அக்கா எங்களிடம் குறைந்தது பத்துத் தடவை சொல்லியிருப்பாள்.

"அந்த மனுஷருக்கு வேர்த்துக் கொட்டுது. 'மூச்சு முட்டுதும்மா, மூச்சு முட்டுது'ங்கிறார். எனக்கும் பயம்தான். அப்போ கதவுக்கு வெளியே ஒரு குரல். 'உள்ளே எத்தனை பேர்? காத்து வர வழி இருக்கு, மூச்சுக்குப் பஞ்சமில்லை. நான் இப்போ மேலே போறேன். அங்கேயிருந்து இந்த ஸ்பீக்கர்ல பேசுவேன். அது வரைக்கும் சத்தம் எதுவும் வராது.' அவ்வளவுதான். சொன்ன மாதிரியே எதுவும் வரலை. அப்புறம் ஸ்பீக்கர்ல, 'வந்துட்டேன். இப்போ ஒரு சத்தம்'ங்குது. வந்துச்சு. 'இப்போ மெதுவா மேலே ஏறும்'ங்குது. ஏறுச்சு. அந்தப் பெரிய மனுஷர் என் கையைப் பிடிச்சிருந்தவர், விட்டுட்டார். 'இந்தப் பொண்ணு யாரும்மா?'ன்னு கேக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் பார்த்ததே இல்லையே!"

மேலே ஸ்பானர் பிரேக்கைப் பிடிக்க, சக்கரத்தைச் சுற்றியதும் பேசியதும் மியூட். கதவு திறந்ததும் இரண்டு பேரையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவள் போய்விடவில்லை. ஒவ்வொரு தளமாகக் கதவுப் பூட்டுகளைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். அக்கா வீட்டுத் தளத்தில், கதவின் மேல் இருந்த மின் இணைப்பில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. விரலை வைத்தால் ஈரம். மேல் தளத்தில் இருந்து தண்ணீர் சொட்டி வந்திருக்கிறது. அங்கே யாரோ வாசலை வாளி வாளியாக ஊற்றிக் கழுவுகிறார்கள். தண்ணீர் இறங்கும்போது இணைப்பு விட்டுப்போய் லிஃப்ட் நிற்கிறது, காய்ந்ததும் சேர்ந்துகொள்கிறது.

"மேல் தளத்துல யாரு இருக்காங்க?" என்று கேட்டாள்.

அக்கா இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை முந்தானைக்குள் மறைத்தாள். மேல் தளத்து வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். சாவி அக்காவிடம். வீட்டைப் பார்த்துக்கொள்கிற சாக்கில் வாரம் ஒரு தடவை அந்த வாசலைக் கழுவி விடுகிறவள் அக்காதான்.

"ஏம்மா, இதை எழுதணுமா?"

"காரணம் எழுதணும், தண்ணி இறங்குதுன்னு," என்றாள் மியூட். "யாருன்னு எழுத வேண்டியதில்லை. இனிமே துடைச்சா போதும்."

மாமாவுக்கு அந்த 'யார்' என்பது இன்றுவரை தெரியாது. இந்தக் கதையை அவர் படிக்காமல் இருக்க வேண்டும்.

ஊரில் இருந்து வந்த மாமா தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தார். பல மாதத் தலைவலியை ஒரு பயிற்சிக்காரி ஒரே காலையில் தீர்த்துவிட்டாள். நேராகப் பயிற்சி நிலையத்துக்கு வந்தார். நானும் டீச்சரைக் கூட்டிப்போக வந்திருந்தேன்.

"இந்த வகுப்பு முழுக்க எனக்கு வேணும்," என்றார். "எல்லாரையும் நானே எடுத்துக்கிறேன். ஒண்ணே ஒண்ணு. எங்க கம்பெனியில லிஃப்ட் கண்ட்ரோலுக்கு ஒரே மாதிரி போர்டுதான் மாட்டுறோம். அதை மட்டும் சொல்லிக் கொடு. மத்ததெல்லாம் எதுக்கு, நேரம்தானே வீணாகுது? வேற கம்பெனிக்காரங்களை உள்ளே விடாதே."

நான் சந்தோஷப்பட்டேன். எல்லோருக்கும் வேலை! வேறு என்ன வேண்டும்? டீச்சர் சந்தோஷப்படவில்லை.

"முடியாது அண்ணா."

"என்னம்மா முடியாது? கம்பெனிக்கு என்ன வேணும்னு கேட்டுத்தானே நீ ஆரம்பிச்சே? சொல்றேன்ல, இதுதான் வேணும்."

"உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டேன். உங்களுக்கு மட்டும் என்ன வேணும்னு கேக்கலை. இது அரசாங்கப் பணம், ஊர்ல எல்லாரும் கட்டின வரி."

மாமாவின் முகம் சுண்டியது. லிஃப்ட் கொடுத்தது யார் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, அதை விழுங்குவதைப் பார்த்தேன். அப்போதுதான் பட்டறை மூலையில் கருவிகளுக்கு எண்ணெய் போட்டு வைத்துக்கொண்டிருந்த மியூட் எழுந்து வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

"சார், நான் ஒண்ணு சொல்லலாமா?"

மாமா திகைத்துப்போய்த் தலையாட்டினார்.

"பல்பு கம்பெனியில ஒரே மெஷின்ல இருந்தேன். அந்த மெஷினை எனக்கு அவ்வளவு நல்லாத் தெரியும். பழுதானா மேனேஜரே என்னைத்தான் கூப்பிடுவார். கம்பெனியை மூடினாங்க. அந்த மெஷின் வேற எங்கேயும் கிடையாது. வீட்டுக்கு வந்து உக்காந்தேன். எனக்கு என்ன வேலை தெரியும்னு கேட்டா சொல்றதுக்கு ஒண்ணுமில்லை." அவள் நிறுத்தினாள். நிறுத்திவிட்டாள் என்று நினைத்தோம். "உங்க போர்டு நல்ல போர்டு சார். ஆனா அது மட்டும் தெரிஞ்சவளா நான் இனிமே இருக்க மாட்டேன்."

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேனில் ஏறிப் போனார்.

அதன் பிறகு சில வாரம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இல்லை. அக்கா தொலைபேசியில், "இவர் உர்ருன்னு இருக்கார், இன்னும் கொஞ்சம் ஆறட்டும்," என்பாள். டீச்சர் அந்த வாரங்களில் சும்மா இருக்கவில்லை. மாமாவுக்குப் போட்டியான கம்பெனியை நடத்தும் அம்மாளைப் போய்ப் பார்த்தாள். பெரிய மருத்துவமனையின் பராமரிப்புப் பொறியாளரைப் பார்த்தாள். எல்லோரையும் ஒரு மதியம் நிலையத்துக்கு வரச் சொன்னாள். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: கடைசியாக ஓர் ஆளை ஏன் திருப்பி அனுப்பினீர்கள்?

மாமாவுக்கும் அழைப்புப் போனது. வரமாட்டார் என்று நான் பந்தயம் கட்டினேன்.

போட்டிக் கம்பெனி அம்மாள் முதல் ஆளாக வந்தார். புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றைப் பயிற்சிக்கென்று இலவசமாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. மாமா. அவருக்குப் பின்னால் ஸ்பானர், இரண்டு கைகளிலும் இரண்டு பெட்டி. ஒன்று மாமா கம்பெனி போர்டு. இன்னொன்று அவர் எப்போதும் திட்டுகிற வேறு வகைப் போர்டு, கடையில் போய் வாங்கி வந்திருக்கிறார்.

"ரெண்டையும் படிக்கட்டும்," என்றார், யாரையும் பார்க்காமல். "படிச்சாத்தான் எது நல்ல போர்டுன்னு தெரியும்."

டீச்சர் அவருக்கு நாற்காலி போட்டாள். அன்று மாமா பேசினார். சாப்பாட்டு மேசையில் காற்றில் கையைச் சுற்றின அதே மனிதர், தெளிவாக, ஒவ்வொன்றாக, தனக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று சொன்னார். மருத்துவமனைப் பொறியாளர் குறித்துக்கொண்டார். போட்டிக் கம்பெனி அம்மாள், "எனக்கும் இதேதான்," என்றார். முதல்வர் கண்ணாடியைத் துடைக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

வகுப்பு முடிந்தபோது எல்லோருக்கும் வேலை கிடைத்தது என்று சொன்னால் பொய். இரண்டு பேருக்கு உயரத்தில் நின்று வேலை செய்வது ஒத்துவரவில்லை, வீட்டு வயரிங் வேலைக்குப் போனார்கள். ஒருத்தி மேலே படிக்கப் போனாள். மற்றவர்கள் நான்கு இடங்களில் சேர்ந்தார்கள். யாரும் இதுவரை திரும்பி வரவில்லை. ரேடியோவை மாமா எடுத்துக்கொண்டார். "லிஃப்டைச் சரி பண்ணப் போனா அந்த வீட்டுக் கதை முழுக்கத் தெரிஞ்சுட்டு வர்றான்," என்று திட்டுகிறார், ஆனால் வாடிக்கையாளர்கள் அவனைத்தான் கேட்கிறார்கள். மியூட்டுக்கு மூன்று இடத்தில் இருந்து அழைப்பு. மாமா தன் கம்பெனிக்கு வரச் சொல்லி நேரில் போய்க் கேட்டார். அவள் மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டுக்குப் பக்கம், பகல் வேலை. மாமா வருத்தப்பட்டார், ஆனாலும் இப்போது யாரிடம் பேசினாலும், "ஆஸ்பத்திரி லிஃப்ட் நிக்காம ஓடுதே, பார்த்துக்கிறது யார் தெரியுமா? எங்க வீட்டுப் பொண்ணு தயார் பண்ணின ஆளு," என்கிறார். எங்கள் வீட்டுப் பெண் என்று அவர் சொல்வது என் மனைவியை.

தலைமை அலுவலகத்தில் இருந்து இப்போது டீச்சரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வாராந்தர மதியத்தை எப்படி நடத்துவது என்று மற்ற நிலையங்களின் பயிற்றுநர்களுக்குச் சொல்ல வேண்டுமாம். என் மாமியாரிடம் மறுபடியும் நான்தான் சமாதானம் சொன்னேன்.

போன வாரம் என் கடைக்கு ஒருவர் வந்தார். பழைய ஸ்கூட்டர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து, சீட்டுக்கு உறை போட வேண்டும் என்றார். என்ன நிறம் என்று கேட்டேன். "நீலம். அவதான் சொன்னா. அவளுக்குத்தான் வண்டி, வேலைக்குப் போய் வர. முதல் சம்பளத்துல முன்பணம் கட்டிட்டா," என்றார். பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது, அவர் மியூட்டின் கணவர். நான் யார் என்று சொன்னதும் அவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வீட்டுல பேசுறாங்களா?" என்று கேட்டேன்.

"எங்கே! மத்த விஷயத்துக்கெல்லாம் இன்னும் 'ம்', 'ம்ஹும்' தான். ஆனா லிஃப்டைப் பத்திக் கேட்டுட்டா போதும் சார், நிறுத்தவே மாட்டா. நேத்துப் பிரசவத்துக்கு வந்த பொண்ணு ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

அவர் தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். நான் என் மனைவியைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒன்று சொன்னால் நான் ஒன்று சொன்னேன். இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. நீலத் துணியை வெட்டிப் போட்டது போட்டபடி கிடந்தது, டீ இரண்டு தடவை வந்துபோனது, அன்று சீட் உறை தைத்து முடியவே இல்லை.